அட்டவணைகளுக்குப் பொருள் எழுதிய ஓராண்டு

எங்கள் தரவுப் பிரிவில் மெட்டாடேட்டா மேலாண்மை மென்பொருளை, அதாவது எந்தத் தரவு எங்கே இருக்கிறது, அதன் பொருள் என்ன என்ற விவரங்களைத் திரட்டிவைக்கும் மென்பொருளைக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதை ஒரு நிறுவல் வேலையாகவே எடுத்துக்கொண்டேன். தரவுத்தளங்களுக்கு இணைப்புக் கொடுப்பது, படிக்க மட்டும் அனுமதியுள்ள பயனர் கணக்குகளை வாங்குவது, அவற்றைப் படித்து விவரம் சேகரிக்கும் ஸ்கேனரை இரவில் ஓடவிடுவது, பிறகு தேடுபெட்டியை அனைவருக்கும் திறந்துவிடுவது என்று திட்டம் எழுதினேன். மூன்றே வாரங்களில் அது முடிந்தும் விட்டது. 15,000-க்கும் மேற்பட்ட அட்டவணைகள் கேட்டலாக் எனும் அந்தத் தரவுப் பட்டியலில் ஏறின. முதல் மாதம் பலர் வந்து தேடிப் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

காரணம் பிடிபட எனக்குச் சில நாட்கள் ஆயின. தரவுத்தளம் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைத்தான் ஸ்கேனர் எடுத்துவருகிறது. தரவுத்தளங்களிடம் வினவல் எழுதப் பயன்படும் எஸ்கியூஎல் மொழிக்கான 1992-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்திலேயே 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்ற பகுதி உண்டு. அட்டவணையின் பெயர், நெடுவரிசையின் பெயர், தரவு வகை, நீளம் போன்றவை அதில் இருக்கும். இவ்வளவையும் எந்தப் பொறியாளரும் தன் இருக்கையிலிருந்தே ஒரு வினவலில் பார்த்துவிடலாம். 'வாடிக்கையாளர்' என்று தேடியவர் முன் நாற்பதுக்கும் மேற்பட்ட அட்டவணைகள் வரிசையாக வந்து நின்றனவே தவிர, எதை நம்பி எடுப்பது என்பதற்கு விடை இல்லை. அவற்றுள் சில, யாரோ சோதனைக்காக நகலெடுத்து மறந்துபோனவை.

அப்பாச்சி அட்லஸ், 2020-இல் லிங்க்ட்இன் திறமூலமாக வெளியிட்ட டேட்டாஹப், விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் என்று எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே நாங்கள் பல மாதங்களைச் செலவிட்டிருந்தோம். அந்த நேரத்தில் பாதியை, ஒவ்வோர் அட்டவணையும் எதைக் குறிக்கிறது என்று பொருள் எழுதுவதற்கு ஒதுக்கியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் முறை மறுமுனையிலிருந்து தொடங்கினோம். நிர்வாகக் குழு மாதந்தோறும் பார்க்கும் ஒரே ஓர் அறிக்கையை எடுத்து, அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கித் தேடிச் சென்றோம். 'நடப்பு வாடிக்கையாளர்கள்' என்ற முதல் வரியிலேயே நின்றுவிட்டோம். கடந்த 90 நாட்களில் ஏதேனும் வாங்கியவர் என்றது விற்பனைப் பிரிவு. கணக்கு மூடப்படாதவர் என்றது நிதிப் பிரிவு. சேவை ஒப்பந்தம் காலாவதியாகாதவர் என்றது பராமரிப்புப் பிரிவு. எது சரி என்று இரண்டு கூட்டங்கள் வாதம் நடந்தது. மூன்றுமே அவரவர் வேலைக்குச் சரியானவை என்பதால், ஒன்றை மற்றப் பிரிவுகளின் மேல் திணிப்பதைவிட மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக் கேட்டலாக்கின் சொற்களஞ்சியத்தில் ஏற்றி, ஒவ்வொன்றையும் அதற்குரிய நெடுவரிசையுடன் இணைப்பதே நேர்மையானது என்று முடிவு செய்தோம்.

அதே அறிக்கையின் அடியில் கணக்கின் நிலையைக் குறிக்கும் ஒரு நெடுவரிசை இருந்தது. அதில் 1, 2, 3, 9 என்ற நான்கு மதிப்புகள். முதல் மூன்றும் முறையே நடப்பு, இடைநிறுத்தம், மூடல் என்று பழைய ஆவணமொன்றில் இருந்தது. 9 எங்கும் இல்லை. ஆனால் வினவல் ஒவ்வொன்றிலும் '9 நீங்கலாக' என்ற நிபந்தனை மட்டும் தவறாமல் இருந்தது. காரணம் தெரியாமலேயே ஒருவர் எழுதியதை அடுத்தவர் நகலெடுத்து வந்திருக்கிறார்கள். செயல்பாட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றும் மூத்த சக ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். முந்தைய கணினி அமைப்பிலிருந்து மாறியபோது, இருப்புத் தொகை ஒத்துவராத கணக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 9-இல் ஒதுக்கிவைத்ததாகச் சொன்னார். அவர் அருகிலேயே அமர்ந்து, 'தவறான கணக்குகள்' என்று விளக்கத்தைத் தட்டச்சு செய்தேன். திரையைப் பார்த்தவர், "தவறானவை இல்லை தம்பி, சரிபார்க்கப்படாதவைன்னு போடுங்க" என்றார். அந்த ஒரு சொல் மாறியதும், உண்மையான வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கைக்கு வெளியே நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

தானியங்கி வசதிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. தரவு எந்த அட்டவணையிலிருந்து எதற்குப் போகிறது என்ற லீனியேஜ் வரைபடத்தைக் கையால் வரைந்து முடிக்க யாராலும் இயலாது. ஆனால் நிரலைப் படித்து அதை வரையும் கருவி, ஓடும் நேரத்தில் எழுத்துத் துண்டுகளை ஒட்டி வினவலை உருவாக்கும் ஸ்டோர்டு புரொசீஜரை, அதாவது தரவுத்தளத்திலேயே சேமித்துவைத்த நிரலைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த அட்டவணை தாய் இல்லாத பிள்ளையாய்த் தனியே தெரிகிறது. ஒவ்வொரு பணியும் ஓடும்போது தன் உள்ளீட்டையும் வெளியீட்டையும் தானே அறிவிக்கும் ஓப்பன்லீனியேஜ் போன்ற முறை இதற்கு ஓரளவு மருந்து. எங்கள் பழைய பணிகளில் அதற்கு வழியில்லாததால், விடுபட்ட இணைப்புகளைக் கையால் சேர்த்து, கையால் சேர்த்தது என்ற குறியையும் இட்டோம்.

தனிநபர் தரவைக் கண்டறியும் வசதியும் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 30-ஆம் பிரிவு, தனிநபர் தரவை எந்த நோக்கத்துக்காகக் கையாள்கிறோம் என்ற பதிவேட்டைக் கேட்கிறது. இத்தகைய சட்டங்களுக்காகவே பல நிறுவனங்கள் இம்மென்பொருளை நாடுகின்றன. எங்கள் கருவியோ பத்து இலக்க ஆர்டர் எண்களையெல்லாம் தொலைபேசி எண் என்று குறித்தது. அதன் பரிந்துரைகளை ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பதிவேட்டில் ஏற்றுவது என்ற விதியை அன்று வகுத்தோம்.

9-இல் கிடந்த கணக்குகளை இப்போது இருவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறார்கள். கேட்டலாக்கில் அந்த நெடுவரிசைக்குப் பொறுப்பாளராக அந்த மூத்தவரின் பெயரே இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுகிறார். அவ்விடத்தில் யார் பெயரை எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.