ஒரு புள்ளி குறைந்த நலம் விசாரிப்பு

ஹைதராபாத் மெஹதிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற உருது வாத்தியார். தெருவே அவரைச் சாச்சா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடும். வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் காயிதா புத்தகத்தை விரித்து, அலிஃப், பே என்று எனக்கும் சொல்லிக்கொடுப்பார். ஆறு மாதத்தில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேறிவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சாச்சாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆபீஸில் சொன்னதும், "அயாதத்துக்குப் போகலையா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நோயாளியைப் போய்ப் பார்த்து விசாரிப்பதற்கு உருதுவிலும் பாரசீகத்திலும் புழங்கும் சொல் அது, அரபியிலிருந்து வந்தது. நாம் வெறுமனே "போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்போம். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் யாரைப் பார்க்க என்பது தானே விளங்கிவிடும். ஈரானில் இந்த ஹார்லிக்ஸின் இடத்தில் டப்பாவில் அடைத்த அன்னாசிப் பழமாம்.

வாத்தியார் முன்னால் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு அசத்தலாம் என்று ஆசை. "எழுதிக் கொடுங்க, நான் உருதுவிலேயே படிப்பேன்" என்று பெருமையடித்து ஒரு துண்டுச் சீட்டில் வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போது சொல் மறந்துவிட்டது. சீட்டை எடுத்துக் கூட்டினேன். நடுவில் ஓர் எழுத்தின் கீழே சின்னதாக ஒரு கீற்று. ஒரு புள்ளி, ஆகவே 'பே'. இபாதத்! சரி, இதுதான்.

அறைக்குள் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். சாத்துக்குடிப் பையை அவர் மனைவி சாச்சியிடம் நீட்டிவிட்டு, நெஞ்சில் கை வைத்து, கணீரென்று சொன்னேன்: "சாச்சா, ஆப் கீ இபாதத் கே லியே ஆயா ஹூன்."

அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூலையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த சாச்சாவின் அக்கா மட்டும், "தௌபா, தௌபா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இபாதத் என்றால் வழிபாடு. அல்லாஹ்வைத் தவிர வேறு யாரையும் வணங்காத குடும்பத்தில், டியூப் மாட்டிப் படுத்திருக்கும் மனிதரிடம் போய், "உங்களை வழிபட வந்திருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

சாச்சாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு முகம் கோணியது. "யா அல்லாஹ், தையல்!" என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். நர்ஸ் ஓடி வந்து என்னைத்தான் முறைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் சீட்டை வாங்கிப் பார்த்தார். பாடம் ஆரம்பமாகிவிட்டது. அயாதத்தில் 'யே'வுக்குக் கீழே இரண்டு புள்ளி, இபாதத்தில் 'பே'வுக்கு ஒன்று. மற்றபடி இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. அவசரமாக எழுதுகிறவர்கள் இரண்டு புள்ளியைச் சேர்த்து ஒரு கோடாக இழுத்துவிடுவார்களாம். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளியே வைக்க மாட்டார்கள், படிக்கிறவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

என்னைத் தேற்றத்தானோ என்னவோ, பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவி காவியத்தின் முதல் பாகத்தில் வரும் காது கேளாதவர் கதையைச் சொன்னார். நோயில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கக் கிளம்புகிறவர், அவர் இன்னின்ன பதில்தான் சொல்வார் என்று ஊகித்து ஒத்திகை பார்த்துக்கொண்டு போகிறார். "எப்படி இருக்கிறீர்?" "செத்துக்கொண்டிருக்கிறேன்." "இறைவனுக்கு நன்றி!" "என்ன குடித்தீர்?" "விஷம்." "உடம்புக்கு ஒத்துக்கொள்ளட்டும்." "எந்த வைத்தியர் வருகிறார்?" "உயிரை வாங்கும் வானவர் இஸ்ராயீல்." "அவர் கால் பட்ட இடம் விளங்கும், கவலையை விடும்."

சொல்லும்போதே அவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. சாச்சி கதையை நிறுத்தச் சொல்லி அதட்டினார்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். அயாதத் என்ற சொல்லின் வேரே 'திரும்பி வருவது' என்பதுதானாம். பழக்கத்தைக் குறிக்கும் ஆதத்தும் அதே வேரில் வந்ததாம். "எனக்கு இபாதத் வேண்டாம், அயாதத் போதும். அதையும் ஆதத் ஆக்கிக்காதே, தையல் தாங்காது."

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாடகை கொடுக்கப் போனேன். கதவைத் திறந்த சாச்சி என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிப் போய், அவர் வயிற்றில் ஒரு தலையணையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

"இப்ப வா," என்றார்.