மார்க்கத்திலிருந்து ஏஜாக்ஸுக்கு ஒரு சின்ன ஓட்டம்

கனடாவில், மார்க்கம் என்ற ஊரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஏஜாக்ஸ் என்ற ஊர் இருபது கிலோமீற்றர் சொச்சம் வரும். திருகோணமலை டவுனில் வெளிக்கிட்டு, உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி எல்லாம் தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்தடிக்குப் போகிற தூரம் என்று வையுங்கள். இரண்டும் ரொறன்ரோவை ஒட்டிய ஊர்கள், இரண்டிலும் எங்கட சனம் நிறைய. ஒரு ஊரில் பிறந்தநாள் என்றால் மற்ற ஊரிலிருந்து ஆட்கள் போயே ஆகவேண்டும். அந்தப் போக்குவரத்தை எப்படித் திட்டம் போடுவது என்று, இந்த முறை திருகோணமலைக்கு வந்திருந்தபோது, அக்காவின் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது.

மனைவி ஸ்பொன்சர் பண்ணி அவனுக்கு விசா வந்துவிட்டது. பெண் வீட்டார் ஏஜாக்ஸில், நான் மார்க்கத்தில். கனடாவில் அவன் அடிக்கடி ஓடப்போகிற ரோட்டு இதுதான். வேடிக்கை என்னவென்றால், பாடம் எடுப்பது நான். அவன் மீசை அரும்பின நாளிலிருந்து வாகனம் ஓடுகிறவன். புறாமலைத் தீவுக்குப் படகு ஏறவரும் வெள்ளைக்காரரை நிலாவெளிக்கு ஏற்றி இறக்கும் வான் அவனுடையது. நான் ஊரில் இருந்தவரை சைக்கிளுக்கு மேல் எதையும் தொட்டதில்லை. கனடாவுக்குப் போய், நாற்பதை நெருங்கும்போதுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"என்ன சின்னம்மா, இருபது கிலோமீற்றருக்கு இவ்வளவு கதையா? ஏறினா இறங்கிறதுதானே!"

அவன் சொல்வதிலும் ஞாயம் உண்டு. நிலாவெளிக்குப் போக ஒரே ரோட்டு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு, எதைத் தெரிவுசெய்வது? சண்டைக் காலத்தில் யோசித்ததெல்லாம் வேறு: எத்தனை இடத்தில் இறங்கி நடக்கவேண்டும், அடையாள அட்டை எடுத்தாச்சா, பொழுதுபட முன்னம் திரும்பலாமா. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகிறவர்களுக்குப் படகுப்பாதைக் கவலையும் சேரும். 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரைக்கும், கண்ணுக்கெதிரே தெரிகிற ஊருக்குப் போக அரை நாளை ஒதுக்கிவைத்தவர்கள் நாங்கள். ஆகவே கிட்டத்துப் பயணத்துக்குத் திட்டம் போடுவது எங்கட ஊராருக்குப் புதிதில்லை. அவன் பாலம் வந்த பிறகு வளர்ந்த பிள்ளை, அதுதான் சிரிக்கிறான்.

மார்க்கத்துக்கும் ஏஜாக்ஸுக்கும் நடுவிலும் ஒரு ஆறு உண்டு. ரூஜ் ஆறு. கரையோரம் முழுக்கத் தேசியப் பூங்காவாக விட்டிருப்பதால் அந்தப் பள்ளத்தாக்கைக் கடக்கிற ரோட்டுகள் கொஞ்சம்தான். எந்த வழியாகக் கடப்பது என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு ஏறவேண்டும். நடுவழியில் மனம் மாறினால் ரோட்டை விட்டு இறங்குகிற அடுத்த இடம் வரும்வரை திரும்ப ஏலாது.

முதலாவது வழி 401 என்ற ஹைவே. மார்க்கத்திலிருந்து ஸ்காபரோவைக் குறுக்கறுத்துத் தெற்கே இறங்கித்தான் அதைப் பிடிக்கவேண்டும். ஒரே திசையில் போகும் ரோட்டையே இரண்டாகப் பிரித்துவைத்திருப்பார்கள். உள்ளே எக்ஸ்பிரஸ், வெளியே கலெக்டர். எக்ஸ்பிரஸில் போகிறவர் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, முன்கூட்டியே கலெக்டருக்கு மாறவேண்டும். பிக்கறிங்கில் ப்ரொக் ரோட்டுப் பக்கம் வந்ததும் இரண்டும் ஒன்றாகும். அந்த இடத்தில் பக்கத்து லேன்காரர் எல்லாம் உங்கள் முன்னால் வர ஆசைப்படுவார்கள். பின்நேரம் மூன்றிலிருந்து ஏழு மணிவரை கிழக்குப் பக்கம் போகிற சனம் முழுக்க அதில்தான் நிற்கும். பிறந்தநாள் கேக் வெட்டுவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் என்பதைக் கவனிக்கவும்.

இரண்டாவது 407. காசு கட்டுகிற ரோட்டு. காசு வாங்க ஒரு பெட்டியோ ஆளோ கிடையாது. மேலே இருக்கும் கமெரா இலக்கத் தகட்டைப் படம் எடுக்கும், பில் வீட்டுக்கு வரும். கார்க் கண்ணாடியில் ஒட்டுகிற சின்னக் கருவி இருந்தால் கமெராக் கட்டணம் மிச்சம். நேரம், நாள், எந்தத் துண்டில் ஓடினீர்கள், எந்தத் திசை என்று எல்லாவற்றையும் பார்த்துக் காசு மாறும். 1997 இல் திறந்த ரோட்டை 1999 இல் ஒன்ராறியோ மாகாண அரசு 3.1 பில்லியன் டொலருக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது. அத்தான் இதைக் கேட்டுவிட்டு, "99 வருசம் எண்டால் சீனாக்காரனுக்குக் குடுத்த அம்பாந்தோட்டைத் துறைமுகம் மாதிரி" என்று ஒரே வசனத்தில் முடித்தார். ப்ரொக் ரோட்டுக்குக் கிழக்கே உள்ள மிச்சத் துண்டு மாகாணத்தின் கையில். 2025 யூன் 1 முதல் அதில் காசு இல்லை. ஏஜாக்ஸ் போகிற நாங்கள் ப்ரொக் ரோட்டில் இறங்குகிறவர்கள். இலவசம் தொடங்குகிற வாசலில் இறங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் நான் அவனுக்குச் சிபாரிசு செய்தது. ஸ்டீல்ஸ் அவெனியூவைப் பிடித்து நேரே கிழக்கே. ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் எல்லை அதுதான்; டுர்ஹாம் பகுதிக்குள் போனதும் அதே ரோட்டு டோன்டன் ரோட்டு ஆகிவிடும். கிழக்கே போகப்போக ஒரு பக்கத்துக்கு ஒரு லேன், இரு பக்கமும் மரம், அங்கங்கே வயல், பழைய பண்ணை வீடு. சிக்னலில் நிற்கவேண்டி வரும், முன்னால் ஒரு லொறி போனால் அதன் பின்னாலேயே போகவேண்டியதுதான். ஆனால் பிழையான லேனில் மாட்டி அடுத்த ஊருக்குப் போகிற பயம் கிடையாது. வந்த புதிதில் ஒருவர் கனடாவைப் பார்க்கிறதென்றால் அந்த ரோட்டிலிருந்துதான் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. என் மகள் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டாள். அவளுக்கு 407 ஐ விட்டால் ரோட்டே இல்லை. பில் கட்டுவது நான்தானே.

அந்தப் பக்கத்துக்கு வடக்கே, ஹைவே 7 தாண்டி, பெருந்தொகை நிலம் கிடக்கிறது. விமான நிலையம் கட்டுவதற்கென்று 1972 இல் மத்திய அரசு எடுத்த காணி. சனத்தை எழுப்பினார்கள், விமான நிலையம் வரவில்லை. 2025 ஜனவரியில்தான் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். இதைச் சொன்னபோது கதிரையில் இருந்த அக்கா எழும்பி உட்கார்ந்தாள். 2006 சண்டையில் எங்கட பக்கத்துச் சம்பூரை விட்டு ஓடின சனம் 2015 இல்தான் திரும்பக் கால்வைக்கத் தொடங்கியது, அங்கே வரப்போகிறதென்ற அனல் மின் நிலையமும் வரவில்லை. "வெள்ளைக்காரனும் அப்பிடியா செய்வான்?" என்றாள். செய்வான் அக்கா. ஷெல் அடிக்காமல் கடிதம் போட்டுச் செய்வான்.

ரோட்டைவிட லைசன்ஸ்தான் பெரிய கதை. இலங்கை லைசன்ஸோடு ஒன்ராறியோவில் குடியேறிய பிறகு 60 நாள் ஓடலாம். அதற்குள் எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும் முடிக்கவேண்டும். ஊரில் எத்தனை வருடம் ஓடினான் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கடிதம் எடுத்துக்கொண்டு போனால், இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவக்காரர் காத்திருக்காமல் நேரே முழு லைசன்ஸுக்கான பரீட்சைக்குப் போகலாம். கடிதம் இல்லாமல் போய் இறங்கி, அங்கிருந்து கொழும்புக்கு ஆள் பிடித்து அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். "நாளைக்கே போ" என்றேன்.

முழு லைசன்ஸ் கையில் கிடைக்கும்வரை ஜி1 என்ற பழகுநர் லைசன்ஸ்தான். முழு லைசன்ஸோடு நாலு வருடமாவது ஓடின ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். 401, 407 போன்ற நானூறு ரக ஹைவேயில் ஏற முடியாது, பயிற்றுநர் பக்கத்தில் இருந்தாலொழிய. நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்துவரை ஓடக்கூடாது. எங்கட ஆட்களின் கொண்டாட்டத்தில் பன்னிரண்டு மணிக்குத்தான் இடியப்பக் கொத்து வரும் என்பதால் இந்தச் சட்டம் எங்களை நினைத்தே எழுதப்பட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

"பக்கத்தில மாமா இருந்தாச் சரிதானே?" மாமா என்று அவன் சொன்னது மாமனாரை.

"இருந்தாக் காணாது தம்பி. அவர் குடிச்சிருக்கவும் கூடாது."

அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. மாமனாரை வீடியோவில் பார்த்த அளவுக்கு அவனுக்கு விளங்கியிருக்கும்.

அத்தான் அதற்குள் வேறு பாதையில் போய்விட்டார். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். ஏஜாக்ஸ் என்ற பெயரைக் கேட்டதிலிருந்து, "அது கப்பலின்ட பேரல்லோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலின் பெயர்தான். 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கரையில், ஜேர்மன் போர்க்கப்பலோடு சண்டைபிடித்த பிரித்தானியக் கப்பல் ஏஜாக்ஸ். 1941 இல் வெடிகுண்டுத் தொழிற்சாலைக்காக எழும்பின ஊருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஊரின் பெரிய ரோட்டான ஹார்வுட் அவெனியூ, அந்தச் சண்டையில் தளபதியாக இருந்தவரின் பெயர். மற்றத் தெருக்கள் பலதும் கப்பலில் இருந்தவர்களின் பெயர்கள்தான். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் குண்டுபோட்ட கதையைத் தகப்பன் வாயால் கேட்டு வளர்ந்த அத்தானுக்கு, சம்பந்தி வீடு அந்தக் கடற்படையின் கப்பல் பெயர் வைத்த ஊரிலேயே இருப்பதில் ஒரு பெருமை. வரைபடத்தைப் பெரிசாக்கிக் காட்டச் சொல்லித் தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நாங்கள் ரோட்டுக் கதைக்குத் திரும்ப நேரம் எடுத்தது.

பிள்ளைகளை ஏற்றுவது இன்னொன்று. எட்டு வயதுக்குக் கீழ், 36 கிலோவுக்குக் கீழ், 145 சென்ரிமீற்றருக்குக் கீழ் என்றால் அதற்கென்ற இருக்கை இல்லாமல் காரில் ஏற்ற முடியாது. "மச்சாள்ட பிள்ளையையும் ஒருக்கா ஏத்திக்கொண்டு வா" என்று கடைசி நிமிடத்தில் சொன்னால், அந்த இருக்கையைக் கழற்றி, வந்து, பட்டியை இழுத்து, முழங்காலால் அமத்திப் பூட்டிக் கால் மணித்தியாலம் போய்விடும். தாய், தகப்பன், இரண்டு பிள்ளை, ஒரு மீன் பை எல்லாம் ஒரே மோட்டார்சைக்கிளில் மடத்தடிச் சந்தியைத் தாண்டுவதைத் தினம் பார்க்கிறவனுக்கு இது விளங்கக் கொஞ்சம் நாள் எடுக்கும்.

மானைப் பற்றிச் சொன்னதுக்கு மட்டும் எல்லாரும் சிரித்தார்கள். இங்கே கோட்டைப் பக்கத்திலும் பஸ் நிலையத்தடியிலும் புள்ளிமான்கள் ஹோர்ன் அடித்தாலும் அசையாமல் நிற்கும். ரூஜ் பூங்காப் பக்கத்து மான் அப்படியில்லை. ஒக்டோபர், நவம்பரில், பொழுதுபடுகிற நேரம், இருட்டுக்குள்ளிருந்து எகிறிப் பாயும். வேகத்தில் மோதினால் காருக்கும் மானுக்கும் மிச்சம் இராது. ஒன்று கடந்துவிட்டது என்று அழுத்தக்கூடாது, பின்னால் இன்னொன்று வரும்.

பனிக்காலம் வந்தால் எல்லாக் கணக்கும் மாறும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். ஏறுவதற்கு முன் கண்ணாடியை மட்டும் சுரண்டினால் போதாது, கூரையிலுள்ள பனியையும் தள்ளவேண்டும். இல்லையென்றால் பிரேக் பிடிக்கிறபோது முழுதாக வழுக்கி முன்கண்ணாடியில் விழும். நாலு ரயரும் பனி ரயராக மாற்றினால் காப்புறுதியில் கழிவு உண்டு, 2016 முதல் ஒன்ராறியோவில் அது சட்டம். ஸ்டீல்ஸ் வழியை நான் பனி நாளில் சொல்லமாட்டேன். அன்றைக்கு உப்புப் போட்டு முதலில் துப்புரவாக்குவது ஹைவேயைத்தான்.

அப்புறம், சொல்லாமல் போகக்கூடாது. ஊரில் நிலாவெளிப் பக்கம் போகிறபோது உப்புவெளியில் அக்கா வீட்டை எட்டிப் பார்த்துத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம். கனடாவில் என்றால் முதலே போன் பண்ணி, இத்தனை மணிக்கு என்று சொல்லி, வெளிக்கிட்டதும் இன்னொருமுறை செய்தி போடவேண்டும். வீட்டு ட்ரைவேயில் இடம் இருக்கா என்றும் கேட்கவேண்டும். விடியப்புறத்தில் தெருவில் விட்டால் மார்க்கத்தில் டிக்கெட் ஒட்டிவிடுவான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கடைசியில்தான் வாயைத் திறந்தாள். "சரி, இவன் போய் ஆர்ட காரை ஓடுறது?"

நல்ல கேள்வி. மாமனாரின் காரை ஓடுவதென்றால் அவருடைய காப்புறுதியில் இவன் பெயரையும் போடவேண்டும். புதிதாக வந்தவன், அங்கே ஓடிய சரித்திரம் இல்லாதவன் என்றால் தொகை எகிறும். எவ்வளவு என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். அதை மாமனாரிடமே கேள் என்று விட்டேன். ரூபாயில் பெருக்கிச் சொன்னால், வானை வித்துப்போட்டு வரச்சொல்லுகிறேன் என்று அக்கா நினைப்பாள்.