இடது கட்டைவிரலைப் பாருங்கள்: காசிமேட்டு வலைக் குறிப்புகள்

ஏப்ரல் 16
மீன்பிடித் தடைக்காலம் நேற்றுத் தொடங்கியது. ஜூன் 14 வரை, 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். வலை கட்டுவதைப் பார்த்துப் பழக இதைவிட நல்ல பருவம் கிடையாது. நிழல் விழும் இடமெல்லாம் யாராவது காலை நீட்டி, கால்விரலில் வலையை மாட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

வலை கட்டுபவருக்கு எதிரே உட்காராதீர்கள். அவருடைய வலம் உங்களுக்கு இடமாகிவிடும். ஒவ்வோர் அசைவையும் மனதுக்குள் திருப்பிப் போடுவதிலேயே கவனம் தீர்ந்துவிடும். இடத்தோளுக்குப் பின்னால் ஒட்டி உட்காருங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் எதிரே உட்காருவது நல்லது.

ஏப்ரல் 17
எல்லோருடைய பார்வையும் நூல் சுற்றி வைத்த வலை ஊசியின் பின்னாலேயே ஓடுகிறது. முடிச்சு நிற்பதோ இடது கட்டைவிரலில்.

வலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கண் என்று பெயர். ஊசி மேல்கண்ணுக்குள் பின்னாலிருந்து நுழைந்து முன்னால் வரும். நூலைக் கீழே இழுத்து, புதுக் கண்ணின் அளவு பக்கத்துக் கண்ணோடு ஒத்ததும், மேல்கண்ணின் அடிநுனியை இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அமுக்கிப் பிடிக்கும். வலக்கை நூலை இடப்பக்கம் மேலே ஒரு வளையமாக வீசும். ஊசி அந்தக் கண்ணின் இரண்டு கால்களுக்கும், அதாவது இரு பக்க நூல்களுக்கும், பின்னால் வலமிருந்து இடமாகப் போய், வளையத்துக்குள் முன்னால் வரும். கீழே இழுத்தால் முடிச்சு.

இறுகும்வரை கட்டைவிரல் எழக் கூடாது. கொஞ்சம் முந்தினாலும் முடிச்சு நுனிக்குக் கீழே நழுவி, நூலையே சுற்றிக்கொள்ளும். பார்வைக்கு முடிச்சு மாதிரியே இருக்கும். இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தால் ஓடும்.

ஏப்ரல் 19
ஊசியில் நூலைத் திணிக்காதீர்கள். பருத்த ஊசி கண்ணுக்குள் நுழையாது.

ஏப்ரல் 22
பார்ப்பவர்கள் தவறவிடுவது வெட்டும் வேலையை. கிழிசலைக் கையில் எடுத்தவர் உடனே கட்ட மாட்டார். விரித்துப் பார்த்து, கத்தியால் ஓட்டையை இன்னும் பெரிதாக்குவார். கற்க வந்தவர் அந்த நேரம் பார்த்துத்தான் டீ குடிக்கப் போவார்.

வலையில் ஒவ்வொரு முடிச்சுக்கும் நான்கு கால். ஓட்டையின் ஓரத்து முடிச்சுகளில் இரண்டு கால் மட்டும் நிற்கும்படி மற்றதை நறுக்க வேண்டும். தொடங்கும் மேல்முடிச்சிலும் முடிக்கும் கீழ்முடிச்சிலும் மட்டும் மூன்று கால். இந்தக் கணக்கு பிசகினால் கடைசியில் ஒரு கண் மிஞ்சும், அல்லது நூல் போய்ச் சேர இடமிருக்காது. வலை அங்கே சுருங்கிப் போகும். எதை வெட்டாமல் விட்டார் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஏப்ரல் 27
செல்போனில் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கை வந்துவிடாது. மைக்கேல் கார்டஸ், எட் ஓப்ரையன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிகிறது. டார்ட் எறியும் காணொளியை 20 தடவை பார்த்தவர்கள் தங்களால் முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். எறியச் சொன்னபோது, ஒரே தடவை பார்த்தவர்களைவிட நன்றாக எறியவில்லை. மூன்று முடிச்சு பாருங்கள், ஒன்று போடுங்கள், எங்கே சிக்கியதோ அதை மட்டும் மறுபடி பாருங்கள்.

மே 3
“மெதுவா போடுங்க” என்று கேட்கக் கூடாது. வேகம் குறைந்தால் அவர் கையே வேறு மாதிரி போகும். வீச்சும் இழுப்பும் ஒரே ஓட்டமாக வருபவை. “அண்ணா, அங்கயே நிறுத்துங்க” என்று கேளுங்கள். வளையம் வீசிய இடத்தில் ஒரு தடவை, ஊசி வெளியே வந்த இடத்தில் ஒரு தடவை. நின்ற கையில் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

தங்கூசியை, அதாவது ஒற்றை இழை நைலான் நூலை, கடைசியில் எடுங்கள். வழவழப்பான நூல், ஒற்றைச் சுற்று நிற்காது, ஊசியை இரண்டாம் தடவையும் சுற்றி எடுக்க வேண்டும்.