1939-இல் அடித்த வாளும், நூறு வயது கேட்ட அதிகாரியும்

ஜப்பானிலிருந்து வாங்கிய என் வாள், சுங்கத்தில் பிடிபட்டு மீண்டு, ஒருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் இருந்துகொண்டு ஜப்பானிய வாள் வாங்கலாமா என்று கேட்ட நண்பர்களிடம் இதுவரை "வம்பு வேண்டாம்" என்றுதான் சொல்லி வந்தேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். தாராளமாக வாங்குங்கள். ஆனால் பார்சல் ஜப்பானை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லாத் தாள்களையும் உங்கள் கையில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் பிடிபட்ட பிறகு தேடத் தொடங்கினால் நேரம் போதாது.

இங்குள்ள சட்டம் சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்ததுதான். 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2008 ஏப்ரல் முதல் தடை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். நூறு ஆண்டு கடந்த பழம்பொருளுக்கு இந்தத் தடை இல்லை. அதோடு நிற்கவில்லை: 1954-க்கு முன் செய்த வாளாக இருந்தாலும், எந்த ஆண்டாக இருந்தாலும் மரபு முறைப்படி கையால் அடித்த வாளாக இருந்தாலும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. என் வாள் 1939-இல் அடிக்கப்பட்டது. 1954-க்குப் பதினைந்து ஆண்டு முந்தியது. இதில் சந்தேகத்துக்கு எங்கே இடம்?

இடம் இருந்தது. சுங்க அதிகாரிகளிடமிருந்து பறிமுதல் அறிவிப்பு வந்தது. தொலைபேசியில் பிடித்துக் கேட்டால், "நூறு ஆண்டு ஆகவில்லை, ஆகவே தடை செய்யப்பட்ட ஆயுதம்" என்றார் அதிகாரி. 1954 பற்றிய விதியைச் சொன்னேன். "அது நீதிமன்றத்தில் பார்க்க வேண்டியது" என்றார். சட்டம் தெளிவாகத் தந்திருக்கும் வழியை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அறிவிப்புத் தாளிலும் அந்த வழி பற்றி ஒரு வரி கிடையாது. பழம்பொருள் இல்லை என்றால் தடைதான் என்று நினைத்து எத்தனை பேர் வாளை விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று எண்ணும்போதே வயிறு எரிகிறது. விட்டுக்கொடுத்த வாள் அழிக்கப்படலாம். ஒரு கொல்லரின் கைவேலை அத்தோடு முடிந்தது.

இந்தக் கட்டத்தில் கவனம் தேவை. அறிவிப்பில் இருக்கும் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் "இந்தப் பொருள் பறிமுதலுக்கு உரியதல்ல" என்று எழுத்தில் உரிமை கோர வேண்டும். தவறினால் பறிமுதல் சரியென்று சட்டமே எடுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்த வாதத்தை எழுப்ப முடியாது. பொருளைத் திருப்பித் தரும்படி கேட்கும் மனு வேறு, இந்த உரிமைக் கோரிக்கை வேறு. தொலைபேசியில் எனக்குத் திருப்பிக் கேட்கும் மனுவைப் பற்றி மட்டுமே சொன்னார்கள். அந்த மனுவில் பறிமுதலே தவறு என்று வாதாட முடியாது. நான் உரிமைக் கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினேன். கோரிக்கை அனுப்பினால் விஷயம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை போகலாம், தோற்றால் செலவும் தலையில் விழலாம். துணிந்துதான் அனுப்பினேன்.

அடுத்து ஆதாரம். "ஜப்பானியப் பதிவுச் சான்றின் அசல் எங்கே?" என்று கேட்டார்கள். ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் மாகாணக் கல்வி வாரியம் தரும் 'தோரோகுஷோ' என்ற பதிவுச் சான்று இருக்கும். நீளம், வளைவு, ஆணித் துளைகள், கொல்லரின் கையொப்பம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஏற்றுமதி அனுமதி கிடைத்து வாள் நாட்டை விட்டுப் போகும்போது அந்தச் சான்றை அங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும். அசல் பிரிட்டனுக்கு வரவே வராது! இதை விளக்கவே ஒரு தனிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. வாள் விற்ற ஜப்பானியக் கடைக்காரர் ஒப்படைக்கும் முன் இரு பக்கமும் வண்ணப் படம் எடுத்து வைத்திருந்தார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நீங்கள் பணம் கட்டும் முன்பே அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வாளின் வயதைக் காட்டும் உண்மையான சாட்சி உறையிலும் இல்லை, கைப்பிடியிலும் இல்லை. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதி தெரியும், 'நாககோ' என்பார்கள். என் வாளில் ஒரு பக்கம் கொல்லரின் பெயர், மறுபக்கம் ஷோவா 14-ஆம் ஆண்டு என்று உளியால் வெட்டிய எழுத்து. ஷோவா என்பது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கு. ஷோவா 14 என்றால் 1939. படத்தை அனுப்பினால், ஜப்பானிய எழுத்து தங்களுக்குப் புரியாது என்று பதில் வந்தது. சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் காசு கொடுத்து மொழிபெயர்த்து, சட்ட விதியின் வாசகத்தையும் முதல் பக்கத்திலேயே சேர்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் வேறொரு அதிகாரி கோப்பைப் படித்தார். நீதிமன்றம் போகாமலே விடுவித்தார்கள். அன்று மாலை முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இந்தச் சட்டங்களை நான் எதிர்க்கவில்லை. 2022-இல் வுல்வர்ஹாம்ப்டனில் தன் வீட்டருகே கொல்லப்பட்ட பதினாறு வயது ரோனன் கந்தாவை யாரால் மறக்க முடியும்? இணையத்தில் வாங்கிய நிஞ்ஜா வாளால் குத்தினார்கள். அந்தத் தாயின் போராட்டத்தால்தான் 2025 ஆகஸ்ட் 1 முதல் அத்தகைய வாள்களுக்குத் தடை வந்தது. வரவேண்டியதுதான். ஆனால் மலிவாக வார்த்தெடுத்துக் கேள்வி கேட்காமல் விற்கப்படும் தகட்டையும், கொல்லரின் பெயரும் தேதியும் வெட்டப்பட்ட வாளையும் பிரித்துப் பார்க்கச் சட்டமே வழி சொல்லியிருக்கும்போது, அதை நடைமுறைப்படுத்துகிறவர்களுக்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டாமா?

பெட்டியைத் திறந்தபோது மனம் நொந்தது. யாரோ வெறுங்கையால் அலகைத் தொட்டிருக்கிறார்கள். எண்ணெய்ப் பூச்சு கலைந்து, விரல் ரேகை பதிந்த இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. இப்படி நேர்ந்தால் உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். மெல்லிய எண்ணெய் தடவி, ஜப்பானிய முறையில் மெருகேற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெட்டியின் மேலேயே "அலகைத் தொட வேண்டாம், கையுறை அணியவும்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். வாளின் நீளம், ஆண்டு, பொருந்தும் சட்ட விதி, நாககோ படம், மொழிபெயர்ப்பு ஆகிய எல்லாவற்றின் நகலையும் வெளிப்புற உறையிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

என் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு கோரிக்கைகள்தான்: பறிமுதல் அறிவிப்பில் நூறு ஆண்டு, 1954, கையால் செய்தது என்ற மூன்று வழிகளையும் அச்சிட வேண்டும், வாள் கிளம்பும் முன்பே ஆவணங்களைக் காட்டி எழுத்துபூர்வ ஒப்புதல் பெற வழி வேண்டும். இதே நிலையில் இருப்பவர்கள் உங்கள் எம்.பி.க்கும் எழுதுங்கள்; பறிமுதல் அறிவிப்பின் நகலையும் இணையுங்கள்.