மெழுகுவர்த்தி போதும், வேலை கொடுங்க

எந்தச் சிறப்புப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போனாலும் வாசல் பக்கம் ஒரு ஸ்டால் இருக்கும். மெழுகுவர்த்தி, பெயின்ட் அடித்த அகல் விளக்கு, பேப்பர் கவர், பினாயில். நாமும் நூறு ரூபாய்க்கு எதையாவது வாங்கிக்கொண்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த விளக்குக்குப் பெயின்ட் அடித்தவனுக்கு என்ன வயசு, எத்தனை வருஷமாகத் "தொழிற்பயிற்சி"யில் இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. முப்பதை நெருங்கிக்கொண்டிருப்பான். அத்தனை வருஷம் பயிற்சி எடுத்தால் மற்ற பிள்ளைகள் டாக்டரே ஆகிவிடுவார்கள்.

நான் சென்னையில் ஜாப் கோச். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு வேலை தேடிக்கொடுத்து, கூடவே போய் நின்று பழக்கிவிட்டு, மெல்ல விலகி வருவதுதான் என் பிழைப்பு. (சொந்தக்காரர்களுக்கு இது இன்னும் புரியவில்லை, டீச்சர் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.)

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அரசு வேலைக்கான 3 சதவீத ஒதுக்கீடு பார்வை, செவித்திறன், கை கால் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான். 2016 சட்டம்தான் அதை 4 ஆக்கி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம் கொடுத்தது. ஆனால் அந்த வேலைக்குப் போட்டித் தேர்வு எழுத வேண்டுமே? கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை எப்படியாவது எழுதிவிடும். எட்டாவது தாண்டாத டவுன் சிண்ட்ரோம் பிள்ளை என்ன செய்யும்? அதே சட்டத்தில் இலவசக் கல்வி உரிமையும் 18 வயசு வரைக்கும்தான், அதற்கப்புறம் வீடு, டிவி, போன். ஆக எங்களுக்குக் கதி கடைகளும் ஓட்டல்களும் ஆபீஸ்களும்தான்.

இதில் நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: முதலில் வேலையில் சேர்க்க வேண்டும், அப்புறம் அந்த இடத்திலேயே பழக்க வேண்டும். மையத்தில் உட்கார்ந்து ரப்பர் காய்கறியை எடை போட்டுப் பழகியவனுக்குக் கடையின் சத்தமும் லைட்டும் கூட்டமும் புதுசு, அங்கே போனதும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 1996ல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் இதே யோசனையோடு ஒரு திட்டம் தொடங்கினார்கள், பயிற்சி முழுக்க மருத்துவமனைக்குள்ளேயே. இன்று பல நாடுகளில் நடக்கிறது.

ஒரு பையனை சூப்பர் மார்க்கெட் ஒன்றில் சேர்த்தோம். வேலை, தயிரும் பாலும் அடுக்குவது. பழைய தேதி முன்னால், புது தேதி பின்னால். கேட்க எவ்வளவு சுலபம்! அவனுக்கு எண்கள் தெரியும், ஆனால் ஒரு கம்பெனி தேதியை மூடியில் அச்சிடுகிறது, இன்னொன்று அடியில், இன்னொன்று மாசத்தை ஆங்கில எழுத்தில் போடுகிறது. ஒவ்வொரு டப்பாவையும் போட்டோ எடுத்து, தேதி இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். அதற்குப் பிறகு அவன் தேதி தாண்டவிட்ட டப்பா கிடையாது, மற்ற பையன்கள் அவசரத்தில் புதுசை முன்னால் வைத்துவிட்டால் மொத்தத்தையும் இறக்கித் திரும்ப அடுக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போவான். பிரச்சினை வந்தது வாடிக்கையாளர்களால். "தம்பி, சர்க்கரை எங்கே?" என்று யாராவது கேட்டால் அப்படியே உறைந்துவிடுவான். ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தோம்: "அந்த அண்ணாகிட்ட கேளுங்க." அவ்வளவுதான்.

பஸ் தனிப் பாடம். மாற்றுத்திறனாளிகளுக்கு 2021லிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ் இலவசம், நல்ல விஷயம், ஆனால் இலவசமான பிங்க் பஸ்ஸில்தான் ஏற வேண்டும் என்று மனசில் பதிந்துவிட்டதால் மூன்று டீலக்ஸ் போனாலும் ஏறாமல் நிற்பவர்கள் உண்டு. பஸ் வராத நாளில் என்ன செய்வது, யாருக்கு போன் போடுவது என்பதையும் நிறுத்தத்திலேயே நின்று பழக்கினால்தான் உண்டு.

அப்பா அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. "இவன் சம்பாதிச்சு என்ன ஆகப்போகுது மேடம், பத்திரமா இருந்தாப் போதும்" என்பார்கள், பெண் பிள்ளை என்றால் அந்தப் பயம் இரண்டு மடங்கு. அதையும் தாண்டிச் சரி என்று வந்தால் சம்பளம் போட பேங்க் அக்கவுண்ட் சிக்கல். சில கிளைகளில் பாதுகாவலர் சான்றிதழ் கேட்பார்கள், அதற்குக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மனு போட வேண்டும். 18 ஆனவுடனே அந்தப் பேப்பர்களைத் தயார் செய்துவிடுங்கள், வேலை கிடைத்த பிறகு அலைய வேண்டாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு: தயவுசெய்து "சேவை மாதிரி வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லாதீர்கள். சேவை என்றால் சம்பளம் என்ற இடத்தில் டீயும் பிஸ்கட்டும் வந்துவிடுகிறது. உங்கள் கடையில் ஆள் நிற்காமல் ஓடிப்போகிற வேலை எது என்று மட்டும் சொல்லுங்கள், ஒரே மாதிரி தினமும் செய்ய வேண்டிய வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ. அப்புறம் இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் வேலையை விட்டது பெரும்பாலும் வேலை வராமல் அல்ல, நன்றாகப் புரிந்துவைத்திருந்த சூப்பர்வைசர் வேறு கிளைக்குப் போய், புதுசாக வந்தவர் முதல் நாளே சத்தம் போட்டதால்தான். ஆளை மாற்றப்போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் முன்னால் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள், நாங்கள் வந்து புது ஆளிடம் பேசிவிடுகிறோம்.