தேனீக்கு நிறம் பழக்க, பரிசு மட்டும் போதாது

நீல அட்டையின் மேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால், சில தடவை வந்து குடித்ததுமே தேனீ நீலத்தைத் தேடி வரத் தொடங்கிவிடும். ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1914-இல் வெளியிட்ட ஆய்வு இதுதான்: பல சாயல்களில் சாம்பல் நிற அட்டைகள், நடுவே ஒரே ஒரு நீலம், அதில் மட்டும் உணவு. பிறகு எல்லா அட்டையிலும் வெறுங்கிண்ணம் வைத்தபோதும் தேனீக்கள் நீலத்துக்கே போயின. வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்திருந்தால் ஏதாவது ஒரு சாம்பலோடு குழம்பியிருக்கும். சிவப்புக்குப் பழக்கியவை அப்படித்தான் கறுப்போடு குழம்பின.

ஒரு நீலத்தை அதற்கு நெருக்கமான இன்னொரு நீலத்திலிருந்து பிரிக்க வைப்பதுதான் கடினம். பரிசுள்ள நிறத்தை மட்டுமே கண்டு பழகிய தேனீ பக்கத்து நிறத்திலும் போய் உட்காரும். கண்ணில் குறை ஒன்றுமில்லை. இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றில் மட்டும் பரிசு கொடுத்தால் அதே தேனீ பிரித்துவிடும்.

பரிசில்லாத நிறத்தில் என்ன வைக்கிறோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. வெறும் தண்ணீர் என்றால் தவறான தேர்வால் தேனீக்கு நட்டமில்லை. குடித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் பறக்கும். கசக்கும் கொயினைன் கரைசல் (வழக்கமான செறிவு 60 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 0.06 மோல்) வைத்தால் நிதானித்துத் தேர்ந்தெடுக்கும். தண்ணீரோடு பழக்கியபோது பிரிக்க முடியாத நிறங்களைக்கூடக் கொயினைனோடு பழக்கும்போது பிரித்துவிடுகிறது. கற்க முடியவில்லை என்று எழுதும் முன் இதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பரிசுக்கு 50 கிராம் சர்க்கரையை 50 மில்லி தண்ணீரில் கரைத்தால் போதும். தேனீக்களை வரவழைக்கும் தட்டில் இதைவிட நீர்த்த கரைசல்தான் வேண்டும். கெட்டியாக வைத்தால் தேனீ கூட்டுக்குப் போய் நடனமாடி இடத்தைச் சொல்லிக் கூட்டத்தையே அழைத்து வந்துவிடும். பயிற்சிக்கு எடுக்கும் தேனீயின் முதுகில் வண்ணப்புள்ளி வைத்துத் தனியாகப் பழக்குங்கள்.

ஒவ்வொரு வருகைக்கும் அட்டைகளின் இடத்தை ஒழுங்கில்லாமல் மாற்றுங்கள். ஒரே பக்கத்தில் தொடர்ந்து பரிசு கிடைத்தால் தேனீ நிறத்தை விட்டு இடத்தைக் கற்கும். உட்கார்ந்த இடத்தில் தேனீ தன் வாசனையை விட்டுச் செல்லும் என்பதால், நீர்த்த எத்தனாலால் துடைப்பதும் கட்டாயம்.

சோதனையில் புது அட்டைகள், இரண்டிலும் வெறும் தண்ணீர். ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். நீண்டால் பழகியதே அழியத் தொடங்கும். அடுத்த சோதனைக்கு முன் சில வருகைகள் மறுபடி பரிசு கொடுங்கள்.

தேனீக்களுக்கு ஊதா, நீலத்தின் மேல் பிறவியிலேயே நாட்டம் உண்டு. அதனால் பாதித் தேனீக்களுக்கு ஒரு நிறத்திலும் மீதிக்கு மற்றதிலும் பரிசு வைக்க வேண்டும்.