வாழைப்பழம்னு நினைச்சு வெள்ளரிக்காய் – பிராங்க்பர்ட்ல ஒரு மத்தியானம்

பிராங்க்பர்ட் போறவங்க பழைய சதுக்கத்துல போட்டோ எடுத்துட்டு ஆப்பிள் வைன் குடிச்சிட்டு கெளம்பிடுவாங்க, நான் அங்கேருந்து பெரிய சர்ச் பக்கம் நடந்து கரிகாட்டூரா மியூசியத்துக்குப் போனேன், முழுக்க கார்ட்டூன், கேலிச்சித்திரத்துக்குன்னே இருக்கிற இடம். ஹெல்முட் கோலோட தலையைப் பேரிக்காயா மாத்தின ஹான்ஸ் டிராக்ஸ்லர் இந்த ஊரு கோஷ்டிதான். ரெண்டு ஜெர்மனியையும் சேர்த்து வச்ச சான்சலருக்கு கடைசி வரைக்கும் அந்தப் பேரிக்காய் போகவே இல்ல!

ஆனா எனக்கு மனசுல நின்னது வேற. 1989 நவம்பர் 9 பெர்லின் சுவர் விழுந்துச்சுல்ல, அந்த மாச டைட்டானிக்ங்கிற கிண்டல் பத்திரிகை அட்டையில ஜீன்ஸ் ஜாக்கெட் போட்ட பொண்ணு ஒண்ணு, கிழக்கு ஜெர்மனிக்காரியாம், பல்லு தெரிய சிரிக்குது, கையில வாழைப்பழம் மாதிரியே தோலுரிச்ச வெள்ளரிக்காய், "என்னோட முதல் வாழைப்பழம்"னு தலைப்பு. படம் இல்ல, போட்டோதான், ஆனா எந்த கார்ட்டூனும் இவ்ளோ தூரம் போகல. கிழக்குல வாழைப்பழம் அபூர்வம், அரசாங்கம் வெளிநாட்டுப் பணம் கொடுத்து வாங்கணும். மேற்குலயோ 1957லயே அப்போ சான்சலரா இருந்த அடெனவர் வரி இல்லாம இறக்க சலுகை வாங்கி வச்சிட்டாரு. இதுல கூத்து என்னன்னா போஸ் கொடுத்த பொண்ணே மேற்கு ஜெர்மனிக்காரி.

மியூசியத்துல பேச்சு கொடுத்த ஒரு லைப்சிக்காரர், கிழக்கு ஜெர்மனில வளர்ந்தவர், அறுபது தாண்டியிருப்பார், வெள்ளரிக்காய்னதும் சிரிச்சாரு. ஓட்டோ ஷிலிங்கிற மேற்கு ஜெர்மனி அரசியல்வாதியப் பத்தி சொன்னப்பதான் முகம் மாறிச்சு. 1990 மார்ச் 18 கிழக்குல தேர்தல், கோல் பக்கம் ஜெயிச்சிருச்சு, ஏன் இப்படி ஓட்டு போட்டாங்கன்னு டிவில கேட்டதுக்கு ஓட்டோ ஷிலி பையிலேருந்து ஒரு வாழைப்பழத்த எடுத்துக் காட்டினாரு. "பத்திரிகைக்காரன் கிண்டல் பண்றது அவன் வேலை, இவரு நெஜமாவே எங்கள அப்படித்தான் நினைச்சாரு"ன்னாரு அந்த லைப்சிக்காரர். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. அட்டைப்படம் கிழக்க மட்டும் அடிக்கல, பழத்த கையில கொடுத்தா போதும் இவங்க சந்தோஷமாயிடுவாங்கன்னு நெனச்ச மேற்கோட திமிரையும் சேத்துதான் அடிக்குது.

அப்புறம் ஜூலை 1லேருந்து கிழக்குலயும் மேற்கு ஜெர்மனி மார்க்தான், சம்பளத்த பழைய கிழக்கு மார்க் ஒண்ணுக்கு மேற்கு மார்க் ஒண்ணுன்னு மாத்தினாங்க, பழைய பேக்டரிங்க அந்தச் சம்பளம் கொடுக்க முடியாம வரிசையா மூடிச்சு. அன்னைக்கே கோல் டிவில வந்து கிழக்கு பூத்துக் குலுங்கும்னாரு, கார்ட்டூன்காரங்களுக்கு பல வருஷத்துக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

போறவங்க திங்கக்கிழமை போயிடாதீங்க, லீவு.